அமால்ஃபி கடற்கரையில் கைடோடு ஒரு வாரம்: முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் தெற்கே, நேப்பிள்ஸ் நகரத்துக்குக் கீழே, மலை நேராகக் கடலில் இறங்கும் ஒரு கரை இருக்கிறது. மேற்கே பொசிட்டானோ, கிழக்கே வியேத்ரி, நடுவில் அமால்ஃபி. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள், கீழே நீலக் கடல். 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஐரோப்பா டூர் விளம்பரங்களில் வரும் மத்தியதரைக்கடல் படங்களில் பாதி இங்கே எடுத்தவைதான்.

இந்தக் கரையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. இந்த ஊர்களையெல்லாம் இணைப்பது எஸ்எஸ் 163 என்ற ஒரே சாலை. நீளம் சுமார் 50 கிலோமீட்டர். 19-ஆம் நூற்றாண்டில், குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், பாறையைக் குடைந்து போட்டது. இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆக வேண்டும் என்கிற வளைவுகள் இன்றும் உண்டு. ரயில் கிடையாது. எந்த பேக்கேஜை எடுப்பது, எந்த ஊரில் தங்குவது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று இங்கே எல்லாவற்றையும் அந்தச் சாலைதான் தீர்மானிக்கிறது. அதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் இது அருமையான விடுமுறை. மறந்துவிட்டால் பாதி விடுமுறை பேருந்துக்குள் கழியும்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. கடலில் இறங்கிக் குளிக்க ஆசை இருந்தால் செப்டம்பர்தான் நல்லது. கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதம் நடப்பதற்கு ஏற்றது, ஆனால் தண்ணீர் குளிரும்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவது இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். ஆகஸ்ட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை நாள். அதற்கு முன்னும் பின்னும் நாடே கடற்கரைக்கு வந்துவிடும். நெரிசலைக் குறைக்கத்தான் கோடையில் கார்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் முழுவதும் அது தினமும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை படகுச் சேவை பெரும்பாலும் நின்றுவிடும், ஹோட்டல்கள் பலவும் மூடிவிடும். அந்த மாதங்களில் யாராவது மலிவாக ஒரு பேக்கேஜ் காட்டினால் காரணம் இதுதான்.

கைடட் டூர்: மூன்று வகை

முதல் வகை, நம் ஊரிலிருந்தே கூட்டிப் போகும் குழுப் பயணம். டூர் மேனேஜர் கூடவே வருவார், இந்தியச் சாப்பாடு கிடைக்கும், மொழிக் கவலை இல்லை. ஆனால் பெரும்பாலான இத்தாலிப் பேக்கேஜ்களில் இந்தக் கரைக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பகல். ரோமிலிருந்து விடியலில் கிளம்பி, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியை ஓட்டமாகப் பார்த்து, பொசிட்டானோவில் ஒரு மணி நேரம் நின்று, இரவு ரோமுக்குத் திரும்புவது. பெரிய பேருந்துகளுக்கு அந்தச் சாலையில் கட்டுப்பாடு இருப்பதால் நடுவில் சிறிய வண்டிக்கு மாற வேண்டியும் வரலாம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, இத்தாலியில் போய்ச் சேர்ந்துகொள்ளும் சிறு குழுப் பயணம். பத்துப் பதினைந்து பேர், ஒரு வாரம், ஒன்றிரண்டு ஊர்களில் தங்கல், ஆங்கிலத்தில் விளக்கம். விலை கூடுதல். சாப்பாட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடத்தை நாமே பதிவு செய்துவிட்டு, கைடு தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் உள்ளூரில் ஒருவரை அமர்த்துவது. ஆங்கிலத்தில் சமாளிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இதுதான் என் பரிந்துரை. ஏனென்றால் இந்தக் கரையில் எல்லா நாளும் கைடு தேவையில்லை. பொம்பெயியில் கட்டாயம் வேண்டும். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தால் நல்லது. மலைப்பாதையில் நடக்கும் நாளில் உதவும். பொசிட்டானோவின் படிக்கட்டுகளில் இறங்கிக் கடை பார்ப்பதற்குக் கொடி பிடித்தபடி முன்னால் ஒருவர் போக வேண்டியதில்லை.

இன்னொரு வித்தியாசம், பலருக்குத் தெரியாதது. இத்தாலியில் கைடு வேறு, கூட வரும் குழுத் தலைவர் வேறு. தொல்லியல் தளங்களிலும் அருங்காட்சியகங்களிலும் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற கைடுக்குத்தான் அனுமதி. அவர் கழுத்தில் அட்டை தொங்கும். உங்கள் டூர் மேனேஜருக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் பொம்பெயிக்குள் நின்று விளக்க அவருக்கு உரிமை இல்லை. ஆகவே பேக்கேஜில் 'கைடோடு' என்று போட்டிருந்தால், எந்தெந்த இடத்தில் உரிமம் பெற்ற உள்ளூர்க் கைடு வருவார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள்.

பேக்கேஜ் தாளைப் படிக்கும் விதம்

ஊர்களின் பட்டியலை முதலில் பார்க்காதீர்கள். இரவு எங்கே தங்குகிறோம் என்பதைப் பாருங்கள். 'அமால்ஃபி கடற்கரைப் பகுதியில் ஹோட்டல்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அது மலைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை ஓரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயரை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து வினைச்சொற்கள். 'பார்வையிடுதல்', 'உள்ளே செல்லுதல்', 'வழியில் காணுதல்' மூன்றும் வேறு வேறு. 'காப்ரியின் நீலக் குகை' (காப்ரி பக்கத்துத் தீவு) என்று இருந்தால், குகைக்கான படகுக் கட்டணமும் நுழைவுச்சீட்டும் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். 'பனோரமிக் டூர்' என்றால் பேருந்து நிற்காது என்று பொருள்.

படகுப் பயணம் இருந்தால், கடல் கொந்தளித்து ரத்தானால் என்ன செய்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பணம் திரும்பி வருமா, வேறு நாளா, அதற்குப் பதில் பேருந்தா? நல்ல நிறுவனத்திடம் இதற்குத் தயாரான பதில் இருக்கும். குழு எத்தனை பேர் என்பதும் முக்கியம். இருபதுக்கு மேல் போனால் காதில் மாட்டும் கருவி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பொம்பெயியில் கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

விசா, விமானம், வந்து சேர்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா அது. அதிக இரவுகள் இத்தாலியில் என்றால் இத்தாலிக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. விதியை நம்பி கடைசியில் ஓடாதீர்கள். கோடைக் காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடான பயணக் காப்பீடு கட்டாயம்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோம் வருவதுதான் பலருக்கும் வசதி. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் ஒன்றேகால் மணி நேரம்; அதே தடத்தில் சில ரயில்கள் கரையின் கிழக்கு முனையை ஒட்டிய சலேர்னோ வரைக்கும் போகும், சுமார் இரண்டு மணி நேரம். இரவு விமானத்தில் தூக்கமில்லாமல் வந்து இறங்கிய அன்றே மலைச்சாலையில் ஏற வேண்டாம். முதல் இரவு நேப்பிள்ஸிலோ சலேர்னோவிலோ தங்கிவிடுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். நிறுத்த இடம் கிடையாது, கிடைத்தாலும் ஹோட்டல் அறை மாதிரி வாடகை கேட்பார்கள், ஓட்டுபவர் கடலையே பார்க்க முடியாது.

எங்கே தங்குவது

பொசிட்டானோதான் புகைப்படத்தில் வரும் ஊர். விலையும் அப்படித்தான். அது போக, அங்கே தரை என்பதே இல்லை, எல்லாம் படிக்கட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருநூறு படி ஏறுவது தேன்நிலவுத் தம்பதிக்கு வேடிக்கையாக இருக்கலாம், அப்பா அம்மாவோடு போனால் இருக்காது. எந்த ஊரானாலும் ஹோட்டலுக்கு எழுதிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வண்டி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை படி?

என் தேர்வு சலேர்னோ. சுற்றுலாக்காரர்கள் ரயில் மாறும் இடமாக மட்டும் பார்க்கும் நகரம் இது. ஆனால் சமதளம், நீண்ட கடலோர நடைபாதை, உள்ளூர் விலையில் சாப்பாடு, ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இங்கிருந்து அமால்ஃபிக்குப் படகில் 35 நிமிடம், பொசிட்டானோவுக்கு ஒரு மணி பத்து நிமிடம். அந்தச் சாலையைத் தொடாமலேயே கரை முழுவதையும் பார்த்துவிடலாம். இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற மருத்துவப் பள்ளி இங்கேதான் இருந்தது. அதன் மூலிகைத் தோட்டம் இன்றும் மலைச்சரிவில் இருக்கிறது. பேராலயத்தின் நிலவறையில் புனித மத்தேயுவின் திருப்பண்டங்கள் (உடலின் எச்சங்கள்).

கரையிலேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மயோரி அல்லது மினோரி. மயோரியில் இந்தக் கரையின் நீளமான கடற்கரை இருக்கிறது, தெருக்கள் ஓரளவு சமம், குழந்தைகளோடு வசதி. காப்ரியும் பொம்பெயியும் முக்கியம் என்பவர்கள் சொரெண்டோவில் தங்கலாம். ஆனால் சொரெண்டோ மலைக்கு மறுபக்கம், நேப்பிள்ஸ் வளைகுடாவைப் பார்த்த ஊர். அமால்ஃபிக்குப் போகும்போதெல்லாம் அந்த வளைவுகளைக் கடக்க வேண்டும்.

எதுவானாலும் ஒரே ஊரில் எல்லா இரவுகளும் தங்குங்கள். தினம் ஒரு ஹோட்டல் மாற்றும் டூர் இந்தக் கரைக்குப் பொருந்தாது.

நாள் 1: நேப்பிள்ஸ் அருங்காட்சியகம்

பொம்பெயிக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் பொம்பெயியில் வெறும் சுவர்தான் தெரியும். அங்கே தோண்டி எடுத்த சுவரோவியங்கள், மொசைக்குகள், வெண்கலப் பாத்திரங்கள், அறுவைக் கருவிகள் என நல்ல பொருட்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை விடுமுறை, பேக்கேஜ் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்மவர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஒரு சின்னத் தந்தச் சிலை. ஒரு அடிக்கும் குறைவான உயரம், கையும் கழுத்தும் நிறைய நகை, இரு பக்கமும் பணிப்பெண்கள். 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்தது. 'பொம்பெயி லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சியாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த கருத்து. தக்காணத்தில் செய்ததாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். எரிமலை வெடித்தது கி.பி. 79 என்பதால், அதற்கு முன்பே அது கடல் கடந்து வந்திருக்கிறது. முசிறியில் மிளகு ஏற்றிப்போன யவனக் கப்பல்களைச் சங்கப் பாடல்களில் படித்தவர்களுக்கு இந்தச் சிலையின் முன்னால் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்கத் தோன்றும். எகிப்து வழியாக வந்த கிழக்கத்திய சரக்கு வெகுகாலம் இறங்கிய துறைமுகம் பொத்சுவோலி, நேப்பிள்ஸுக்கு மேற்கே பக்கத்தில்தான் இருக்கிறது. குழுவோடு போனால் கைடிடம் இந்தச் சிலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேரம் போதாத குழுக்களில் விட்டுவிடுவார்கள்.

மதியம் பீட்சா. நேப்பிள்ஸ் பீட்சா செய்முறை 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஓரம் கருகி, நடுவில் ஈரமாக, வளைந்து தொங்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள், அது அப்படித்தான்.

நாள் 2: பொம்பெயி

இந்த ஒரு நாளுக்குக் கைடுக்குக் கொடுக்கும் பணம் முழுக்கத் தகும். தளம் சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இதுவரை தோண்டியிருக்கிறார்கள். பலகைகள் குறைவு. தெரியாமல் நுழைந்தால் ஒரே மாதிரி இடிந்த சுவர்களுக்கிடையே வெயிலில் அலைவோம்.

நல்ல கைடு முதலில் தரையைக் காட்டுவார். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளம். தெருவைக் கடக்க நடுவில் உயர்த்தி வைத்த கற்கள், சக்கரம் போவதற்கு இடைவெளி விட்டு. அப்புறம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடை: கல்மேடையில் பானை பதித்த வட்டக் குழிகள், முன்பக்கம் வாத்தும் சேவலும் வரைந்த ஓவியம். 2020-இன் இறுதியில் உலகுக்குக் காட்டிய கடை அது. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போன இடம். பொதுச் சதுக்கத்தில் நின்றால் பின்னால் வெசூவியஸ் எரிமலை தெரியும். 1863-இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி என்பவர் சாம்பலுக்குள் உடல்கள் அழிந்து விட்டுச்சென்ற வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி எடுத்த உருவங்களையும் காட்டுவார்கள். சிறு குழந்தைகளோடு போனால் அதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நடைமுறை விவரங்கள்: 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, சீட்டில் பெயர் இருக்கும், அடையாளத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும். பெரிய பை உள்ளே அனுமதி இல்லை. குடிநீர்க் குழாய்கள் உள்ளேயே உண்டு, வெறும் பாட்டில் போதும். தொப்பி அவசியம், நிழல் அரிது. அடிப்பாகம் கெட்டியான காலணி. காலை திறந்தவுடன் நுழைந்து மூன்று மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவது நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்; அதனாலேயே அன்று போக வேண்டாம்.

வாசலுக்கு வெளியே 'கைடு வேண்டுமா' என்று கூப்பிடுபவர்களிடம் அட்டையைப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். நேப்பிள்ஸ்–சொரெண்டோ உள்ளூர் ரயிலில் வருவதானால், அந்தக் கூட்டத்தில் பணப்பை முன்பக்கமாக இருக்கட்டும்.

நாள் 3: படகு

வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, வாரத்திலேயே கடல் அமைதியான நாளை இதற்கு ஒதுக்குங்கள். இந்தக் கரையை சாலையிலிருந்து பார்ப்பவருக்கு எதிரே வரும் வண்டியும் பாறையும்தான் கிடைக்கும். கடலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் ஊர் எப்படி மலையில் தொங்குகிறது என்பது புரியும்.

காலை முதல் படகில் நேராகப் பொசிட்டானோ. பத்து மணிக்கு மேல் பகல்நேரக் கூட்டம் வந்து இறங்கும், அதற்கு முன் ஊர் உங்களுடையது. மஞ்சளும் பச்சையுமாக ஓடு பதித்த குவிமாடம் கொண்ட கோயிலில் பைசாந்தியப் பாணியில் கருநிற மாதா ஓவியம் இருக்கிறது. அந்தக் கோயிலின் அடியிலேயே கி.பி. 79-இல் புதைந்த ஒரு ரோமானிய மாளிகையின் அறை, சுவரோவியம் நிறம் மங்காமல். 2018-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கடற்கரையில் படம் எடுத்துவிட்டுப் போகும் குழுக்களில் முக்கால்வாசிக்கு இது காலடியில் இருப்பதே தெரியாது. குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட பேரைத்தான் விடுவார்கள், ஆகவே முன்பதிவு செய்யுங்கள்.

கடற்கரை என்றதும் மெரினா மணலை நினைக்க வேண்டாம். எல்லாம் கூழாங்கல், ரப்பர் செருப்பு தேவை. நாற்காலி, குடை போட்டிருக்கும் பகுதி கட்டணம்; ஓரமாக இலவசப் பகுதி சிறிதாக இருக்கும்.

நாள் 4: அமால்ஃபி, அத்ரானி, ரவெல்லோ

அமால்ஃபி இன்று ஒரு சின்ன ஊர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது வெனிஸ், ஜெனோவா, பிசா போலத் தனிக் கடல் குடியரசு. கிழக்கு மத்தியதரைக்கடல் முழுவதும் அதன் வணிகர்கள் இருந்தார்கள். 1343-இல் கடல் பொங்கி கீழ்ப்பகுதியை விழுங்கியது. மிச்சத்தின் பெருமையைப் பேராலயத்தில் பார்க்கலாம்: 62 படிகள், கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வார்த்து 11-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த வெண்கலக் கதவுகள், உள்ளே அரபுச் சாயலில் பின்னிய வளைவுகளோடு ஒரு முற்றம், நிலவறையில் புனித அந்திரேயாவின் திருப்பண்டம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

தெருவில் மேலே ஏறினால் பழைய காகித ஆலை. கந்தல் துணியிலிருந்து கையால் காகிதம் செய்த ஊர் இது, இப்போது அருங்காட்சியகம். தொட்டியில் அச்சை முக்கி ஒரு தாள் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பேராலயத்தைவிட இது பிடிக்கும்.

பக்கத்து ஊர் அத்ரானிக்குப் பத்து நிமிடம் நடை. பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சி, 0.12 சதுர கிலோமீட்டர். ஒரு சதுக்கம், நாலு மேசை, காப்பி.

அங்கிருந்து ரவெல்லோ. கடல்மட்டத்துக்கு மேல் 365 மீட்டர், அமால்ஃபியிலிருந்து பேருந்தில் 25 நிமிடம் சொல்வார்கள், வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கூட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். வில்லா ரூஃபோலோ தோட்டத்துக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1880-இல் வந்தபோது, தன் ஓபெராவின் மாயத் தோட்டக் காட்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எழுதி வைத்தார். அதை நினைத்து இன்றும் கோடையில் அங்கே இசைவிழா நடக்கிறது, கடலுக்கு மேல் நீட்டிய மேடையில். வில்லா சிம்ப்ரோனேயின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கும் மாடம் இன்னும் பத்து நிமிட நடை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். முழங்கால் நன்றாக இருந்தால் இறங்கும்போது பேருந்துக்கு நிற்காமல் படிக்கட்டு வழியாக அத்ரானிக்கே இறங்கிவிடலாம், ஒரு மணி நேரத்துக்குள்.

நாள் 5: நடையா, தீவா

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நடைக்காரர்களுக்கு 'தேவர்களின் பாதை': மலைமேல் பொமெரானோவில் தொடங்கி நொச்செல்லே வரை சுமார் ஆறு ஏழு கிலோமீட்டர், கடல் இடப்பக்கமாகவே வரும். பெரும்பாலும் இறக்கம். ஆனால் நொச்செல்லேயிலிருந்து கீழே இறங்க சுமார் 1,700 படி, தொடை நடுங்கும். நொச்செல்லேயிலிருந்தே பொசிட்டானோவுக்கு உள்ளூர்ச் சிற்றுந்து இருக்கிறது, வெட்கப்படாமல் ஏறுங்கள்.

மற்றவர்களுக்கு காப்ரி. நீலக் குகையை நம்பிப் போகாதீர்கள்: வாசல் உயரம் ஒரு மீட்டர்தான், துடுப்புப் படகில் படுத்துக்கொண்டு நுழைய வேண்டும், கொஞ்சம் அலை இருந்தாலே மூடிவிடுவார்கள். தீவின் மேல்பகுதி ஊரான அனாகாப்ரியிலிருந்து ஒற்றை நாற்காலி ரோப்வேயில் 589 மீட்டர் உயர சொலாரோ மலைக்குப் போவது அதைவிட உறுதியான சந்தோஷம். ரோமப் பேரரசர் திபேரியஸ் தன் கடைசி ஆண்டுகளில் ரோமுக்குப் போகாமல் இந்தத் தீவிலிருந்தே ஆட்சி நடத்தினார். அவருடைய மாளிகையின் இடிபாடு கிழக்கு முனையில்.

நாள் 6: பேஸ்டம்

சலேர்னோவிலிருந்து தெற்கே ரயிலில் அரை மணிக்கு மேல். சமவெளியில் மூன்று கிரேக்கக் கோயில்கள், கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, தூண்களோடு நிற்கின்றன. கூட்டம் மிகக் குறைவு. பெரும்பாலான பேக்கேஜ்களில் இது இருக்காது, இருந்தால் அந்த பேக்கேஜ் போட்டவருக்கு விஷயம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறையின் மூடிக்கல்லில், நீரில் பாயும் ஒரு மனிதனின் ஓவியம். சுற்றியுள்ள பண்ணைகளில் எருமைப்பால் மொசரெல்லா சீஸ் அன்றன்றைக்குச் செய்தது கிடைக்கும்.

சாப்பாடு

சைவர்கள் பயப்பட வேண்டாம். தக்காளி, கத்தரிக்காய், பாலாடைக்கட்டி, எலுமிச்சை எல்லாம் இந்த ஊர்ச் சமையலிலேயே இருக்கின்றன. கத்தரிக்காய் பர்மிஜானா, சொரெண்டோ பாணி நொக்கி (உருளைக்கிழங்கு உருண்டை), எலுமிச்சை போட்ட பாஸ்தா, கொண்டைக்கடலை பாஸ்தா. மரினாரா பீட்சா என்ற பெயரைப் பார்த்து மீன் என்று நினைக்காதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டுமே, சீஸ்கூடக் கிடையாது. மாறாகச் சில சாஸ்களில் நெத்திலி கரைந்து போயிருக்கலாம். 'சென்சா கார்னே, சென்சா பேஷே' என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரியும். காரத்துக்கு 'பெப்பெரொன்சீனோ' என்று கேளுங்கள், மிளகாய்த்தூளோ மிளகாய் எண்ணெயோ வரும்.

மீன் சாப்பிடுபவர்கள் இந்தக் கரையின் மீன்பிடி ஊரான செத்தாராவில் ஒரு மதியம் இறங்க வேண்டும். நெத்திலியை உப்பில் அடுக்கி மாதக்கணக்கில் அழுத்தி வைத்து வடிக்கும் தேன்நிறச் சாறு அங்கே பிரசித்தம். ரோமானியர்களின் மீன்சாற்றின் வாரிசு. சூடான ஸ்பகெட்டியில் இரண்டு கரண்டி விட்டால் போதும்.

இந்தக் கரையின் எலுமிச்சை நீளமாக, உள்ளங்கை நிறைய இருக்கும். புளிப்பு குறைவு. வெள்ளைத் தோலோடு வட்டமாக வெட்டிக் கொஞ்சம் சர்க்கரை தூவித் தின்பார்கள்.

மதிய உணவு இரண்டரைக்கு முடிந்துவிடும், இரவு ஏழரைக்கு முன் அடுப்பு பற்றாது. இடையில் பசிக்கும் குழந்தைகளுக்குக் கையில் ஏதாவது இருக்கட்டும். பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ வரும், அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை. ஹோட்டலில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள். பேக்கேஜில் சேர்ந்திருப்பது அரிது, சில்லறை வைத்திருங்கள்.

பேருந்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால்

டிக்கெட்டைப் பெட்டிக்கடையிலோ காப்பிக்கடையிலோ முன்கூட்டியே வாங்குங்கள். சொரெண்டோவிலிருந்து அமால்ஃபி போகும்போது வலப்பக்க இருக்கை, சலேர்னோவிலிருந்து போகும்போது இடப்பக்கம். கடல் அந்தப் பக்கம்தான். தலைசுற்றல் உள்ளவர்கள் அரை மணி முன்பே மாத்திரை போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, தூரத்தைப் பார்க்க வேண்டும். நடு நிறுத்தங்களில் ஏற நினைப்பவர்களுக்குக் கோடையில் இடம் கிடைக்காமல் பேருந்து நிற்காமலே போவது சாதாரணம். எனவே புறப்படும் ஊரிலிருந்தே ஏறுங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அமால்ஃபி, மினோரி, மயோரி, சலேர்னோ, ரவெல்லோ சதுக்கம் ஆகியவை ஒத்துவரும். பொசிட்டானோவைப் படகிலிருந்தே காட்டிவிடலாம். பொம்பெயியில் படி குறைவான ஒரு பாதை தனியாக அமைத்திருக்கிறார்கள். கைடிடம் முதலிலேயே சொன்னால் அதன் வழியாகக் கூட்டிப் போவார்.

கிளம்பும் நாள்

வியேத்ரியில் பீங்கான் வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே விமானத்துக்கு ஏற்றபடி கட்டித் தரச் சொல்லுங்கள், பழகியவர்கள். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பப் பெறும் படிவம் கேட்டு வாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் காட்ட வேண்டும். எலுமிச்சை மதுவும் மீன்சாறும் கைப்பையில் போனால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். மீன்சாற்றுக்கு மூன்று பை போட்டாலும் தவறில்லை.

ரோமிலிருந்து மாலை விமானம் என்றால் காலை படகில் சலேர்னோ, அங்கிருந்து அதிவேக ரயில். மதிய விமானம் என்றால் முந்தைய இரவே ரோமுக்குப் போய்விடுங்கள். படகு ரத்தானால் மாற்று அந்தச் சாலைதான், அது எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று உள்ளூர்க்காரர்கூட வாக்குக் கொடுக்க மாட்டார்.